அறக்கட்டளையின் கொடியைப் பார்ப்பதா, கணக்கைப் பார்ப்பதா?

கல்வி நிறுவனமும் அரசியலும் ஒரே மேடையில் நிற்பது பெரம்பலூர் மக்களவைத் தொகுதிக்குப் பழகிய காட்சி. எஸ்.ஆர்.எம். கல்விக் குழும நிறுவனர் பாரிவேந்தர் 2014இல் பா.ஜ.க. கூட்டணியில், தாம் தொடங்கிய இந்திய ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக நின்று தோற்றார். 2019இல் தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்தில் வென்றார். 2024இல் பா.ஜ.க.வின் தாமரைச் சின்னத்தில் நின்று தி.மு.க.வின் அருண் நேருவிடம் தோற்றார். தொகுதியின் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச உயர்கல்வி என்பது அவருடைய பிரசாரத்தில் முக்கியமான பேச்சு.

இதில் ஒளிவுமறைவு இல்லை. எல்லாம் ஊரறிந்த செய்தி. ஆனால் 2019இல் யாராவது அந்தக் குழுமத்தைச் 'சூரியன் பக்கம்' என்று எழுதிவைத்திருந்தால், ஐந்தே வருடத்தில் அழிக்க வேண்டி வந்திருக்கும். கொடியை வைத்து ஒரு கல்வி நிறுவனத்தை எடைபோட்டால் இப்படித்தான் ஆகும். சார்பு வேறு, நம்பகம் வேறு. கட்சிக்காரர் நடத்தும் அறக்கட்டளை நேர்மையாக உதவலாம். எந்தக் கட்சியையும் தொடாத அறக்கட்டளை முன்பணத்தைச் சுருட்டிக்கொண்டு போகலாம்.

சார்பைக் கண்டுபிடிக்க, உதவி எந்த எல்லைக்குள் தரப்படுகிறது என்று பாருங்கள். குன்னம் பெரம்பலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அரியலூர், ஜெயங்கொண்டம் போலவே சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் சேர்ந்தது. வறுமை தொகுதி எல்லை பார்த்து வருவதில்லை. உதவி மட்டும் எல்லை பார்த்து வந்தால், பின்னால் ஓட்டுக் கணக்கு இருக்கிறதோ என்று கேட்பதில் தவறில்லை. அதற்காக வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். படிப்பு படிப்புதான். ஆனால் கல்வி உதவி விண்ணப்பத்தில் வாக்காளர் அட்டை எண் எதற்கு? கேட்டால் கொடுக்காதீர்கள். ஓட்டுக்காகச் சலுகை தருவது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். தேர்தல் நேரத்தில் தேர்தல் ஆணையத்தின் 1950 எண்ணிலோ சி-விஜில் செயலியிலோ புகார் செய்யலாம்.

நம்பகத்துக்குக் காகிதம்தான் சாட்சி. அறக்கட்டளை என்றால் பதிவு செய்த அறக்கட்டளைப் பத்திரம் இருக்கும். சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்கீழ் பதிவு எண் இருக்கும். எது பொருந்துமோ அதைக் கேளுங்கள். அறங்காவலர் எல்லோரும் ஒரே குடும்பமா, அவர்களில் கட்சிப் பொறுப்பாளர் உண்டா என்று பாருங்கள். நன்கொடை தருகிறவர் வரிச்சலுகைச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். '80ஜி வரிச்சலுகை உண்டு' என்று நோட்டீஸில் அச்சடித்திருப்பது மட்டும் போதாது. பட்டம் தரும் நிறுவனமா என்பதில் சந்தேகம் இருந்தால், பல்கலைக்கழக மானியக் குழு வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலைப் பாருங்கள்.

பிளஸ் டூ முடிவு வந்த வேகத்தில் பெற்றோர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. 'முழு இலவசம்' என்ற வாய்வார்த்தை முதல் வருடக் கல்விக் கட்டணத்தோடு முடிந்துவிடலாம். விடுதி, பஸ், தேர்வுக் கட்டணம் சேர்த்தியா, எத்தனை வருடம், ஒரு பாடத்தில் அரியர் விழுந்தால் உதவி நின்றுவிடுமா என்பதையெல்லாம் நிறுவனத்தின் கடிதத்தாளில் எழுதி வாங்குங்கள். அசல் சான்றிதழை எடுத்து வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை இல்லை என்று மானியக் குழு 2018இலேயே அறிவித்துவிட்டது. சரிபார்க்கக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது.

ஏமாந்துவிட்டால் ரசீது, வாட்ஸ்அப் செய்தி, நோட்டீஸ் எதையும் அழிக்காதீர்கள். பணமோசடிக்கு மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இணையவழிப் பணம் போயிருந்தால் அன்றே இணையக் குற்றப் புகார் எண் 1930க்குப் பேசுங்கள். பொது அறக்கட்டளையின் சொத்தை அறங்காவலர்களே தின்றால், அதில் அக்கறையுள்ள இருவர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதியோடு, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவின்கீழ் வழக்குப் போடலாம். அறங்காவலரை நீக்கவும் கணக்குக் கேட்கவும் அந்தப் பிரிவில் இடம் உண்டு. வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளோர் ஆகியோருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். அதற்கான தொலைபேசி எண் 15100.