ஷீட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே

மே மாத இரவு, பத்து மணி. அம்பத்தூரில் மின்விசிறியைப் போட்டால் அடுப்படிக் காற்றுதான் இறங்குகிறது. மெரினா பக்கம் மதியமே நுழைந்துவிடும் கடற்காற்று ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் தாமதமாக, வழியெல்லாம் சூடேறி வருகிறது. வராத நாளும் உண்டு.

சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது சுவரைவிட மொட்டைமாடிதான் அதிக வெயில் வாங்குகிறது. கான்கிரீட் தளம் அந்தச் சூட்டைப் பிடித்துவைத்து, சில மணி நேரம் கழித்து நாம் படுக்கும் வேளையில் அறைக்குள் இறக்குகிறது.

பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இதற்கு வழி இருந்தது. தேக்குக் கட்டைகளின் மேல் ஒல்லிச் செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டுவார்கள். துளைகள் நிறைந்த அந்தத் தடிமனுக்குள் சூடு மெல்லத்தான் இறங்கும். கான்கிரீட் வந்த பிறகும் அதன் மேல் ‘வெதரிங் கோர்ஸ்’ என்ற பெயரில் நீடித்தது அந்த ஜல்லிக் காரைதான்.

ஷீட் போட்ட பழைய வீடுகளின் பாடுதான் பெரிது. மேலே சிமென்ட் ஷீட், கீழே ஒரு சீலிங், நடுவே ஆள் நுழைய முடியாத இடுக்கு. அங்கே அடைபட்ட சூடான காற்றுதான் தொல்லை என்று நினைக்கிறோம். ஆனால் சூடான காற்று மேலேயே தங்கும், கீழே இறங்காது. ஷீட்டின் அடிப்பக்கம் வீசும் வெப்பக் கதிர்தான் பெரும்பகுதிச் சூட்டைச் சீலிங்குக்குக் கடத்துகிறது. மின்னும் அலுமினியத் தாள், அதே சூட்டில் இருந்தாலும், சிமென்ட் பரப்பு வீசுவதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கைத்தான் வீசும். ஆகவே இடுக்கில் கனத்த பஞ்சு திணிக்க வழியில்லை என்றாலும் ஒரு தாள் போதிய வேலை செய்யும். மின்னும் முகம் கீழே பார்க்க வேண்டும், அதற்கும் சீலிங்குக்கும் நடுவே காற்று இடைவெளி வேண்டும். மேல்நோக்கிப் போட்டால் சில மாதங்களில் தூசி மூடி, மினுக்கம் பயனற்றுப் போகும்.

மலிவு என்று தெர்மாகோல் அடைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த இடுக்கில்தான் பழைய ஒயர்களும் ஓடுகின்றன, தெர்மாகோல் சட்டென்று பற்றிக்கொள்ளும். மேலே இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமென்ட் ஷீட் என்றால் அதைத் துளைக்கவோ அறுக்கவோ கூடாது. பறக்கும் இழை நுரையீரலில் தங்கிவிடும். அதனால் ஷீட்டைத் தொடாமல், சீலிங் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஷீட்டைத் தாங்கும் மரச்சட்டங்களில் தாளைப் பொருத்திக்கொண்டே போகலாம்.

மொட்டைமாடி உள்ளவர்களுக்கு வெள்ளைப் பூச்சு. புதிதாக அடித்தது வெயிலில் சுமார் முக்கால் பங்கைத் திருப்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாசி பிடித்துக் கறுத்துவிடுவதால், மாசியில் தேய்த்துக் கழுவி மறுபடி அடிக்க வேண்டும்.

ஷீட் வீட்டில் இன்னொரு வேலையும் பாக்கி. இடுக்கின் இரு முனைகளையும் அடைக்காமல், காற்று ஓடத் திறந்துவிட்டு, அணில் புகாதபடி கம்பிவலை அடியுங்கள்.