விடை வந்த வழி

கணினி மென்பொருள் ஒன்றைக் 'கறுப்புப் பெட்டி' என்று ஆராய்ச்சியாளர்கள் குறிப்பிடும்போது, விமான விபத்துக்குப் பிறகு தேடியெடுக்கப்படும் பெட்டியை அவர்கள் கருதுவதில்லை; எண்களை உள்ளே செலுத்தினால் விடையை வெளியே தருகிற, ஆனால் அவ்விடை எவ்விதம் உண்டாயிற்று என்பதைக் காட்டாத யந்திரத்தையே அப்பெயரால் அழைக்கிறார்கள். விடை சரியாகவே இருக்கலாம். அதைச் சோதிப்பதற்கு மார்க்கம் இல்லை என்பதுதான் குறை.

இதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையினர் 90 பெருநகரங்களின் தினசரி மரணக் கணக்கைக் காற்றுமாசின் அளவோடு ஒப்பிட்டு, ஒரு கன மீட்டர் காற்றில் மிதக்கும் துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் மரணம் 0.41 சதவீதம் கூடுகிறதென்று கணித்திருந்தார்கள். அதற்கு அவர்கள் பிரயோகித்தது எஸ்-பிளஸ் என்னும் மென்பொருள். இத்தகைய கணக்குக்கு அது ஒரே வீச்சில் விடை காண்பதில்லை; ஓர் உத்தேச மதிப்பை எடுத்துக்கொண்டு, அதைத் திருத்தி, திருத்தியதை மறுபடியும் திருத்தி, அடுத்தடுத்த மதிப்புகளுக்கு இடையேயுள்ள பேதம் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கியதும் போதுமென்று நின்றுவிடுகிறது. பயன்படுத்துவோர் வேறு சொல்லாத வரையில் அந்த வரம்பு அப்போது ஆயிரத்தில் ஒன்றாக இருந்தது. சாதாரண ஆராய்ச்சிகளுக்கு அது போதும். இங்கே தேடப்பட்டதோ ஆயிரத்தில் நான்கு என்ற அளவிலான நுட்பமான மாறுதல் ஆகையால், பொன்னை நிறுக்க விறகுத் தராசைக் கொண்டது போலாயிற்று.

2002-இல் அந்த ஆராய்ச்சியாளர்களே இதைக் கண்டு உலகறியச் சொன்னார்கள். அந்த நேர்மையை மிகவும் போற்றுகிறேன். வரம்பை இறுக்கியபோது 0.41 என்பது 0.27 ஆயிற்று, வேறொரு முறையால் கணித்தபோது 0.21 ஆயிற்று. மாசு உயிரைக் குடிக்கிறது என்ற முடிவு நிலைத்தது, அதன் அளவு மட்டும் பாதியாயிற்று. அதுவும், காற்றின் தரத்துக்கான விதிகளை அந்நாட்டு அரசாங்கம் பரிசீலித்துக்கொண்டிருந்த சமயத்தில்.

அந்த வரம்பு ரகசியமானதாகவும் இருக்கவில்லை, வேண்டியவர் மாற்றிக்கொள்ளலாம். மென்பொருளைச் செய்தவர்கள் வைத்தது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையே பெட்டியைப் பூட்டி வைத்திருந்தது என்பது என் அபிப்பிராயம். மற்றொரு குறையோ மெய்யாகவே உள்ளே இருந்தது. விடையில் எவ்வளவு ஐயத்துக்கு இடமுண்டு என்பதை மென்பொருள் ஒரு குறுக்குவழியால் கணித்தபடியால், உள்ளதைவிடக் குறைவான ஐயமே வெளியே தெரிந்தது. கனடா நாட்டு ஆய்வாளர்கள் இதை எடுத்துக்காட்டினார்கள். எந்த வரம்பை மாற்றினாலும் இது தீராது. கணக்கிடும் முறையையே புதிதாக எழுதவேண்டும். இந்த ஆராய்ச்சியில் கையாளப்பட்ட புள்ளியியல் முறையைத் தோற்றுவித்த இருவரில் ஒருவரான ட்ரெவர் ஹேஸ்டி, ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து அவ்வாறு எழுதி, 2004-இல் வெளியிட்டார்.