பாரிசவாதமும் நமது அன்றாட உணவும்



மூளைக்குக் குருதியைக் கொண்டு செல்லும் குழாய் அடைபடுவதனாலோ வெடிப்பதனாலோ ஏற்படுவதே பாரிசவாதம். கணப்பொழுதில் பேச்சும் நடையும் பறிபோக, குடும்பத்தைத் தாங்கியவரே பிறர் தாங்க வேண்டியவராகிவிடுகின்றார். ஆயினும் இது பெரும்பாலும் தடுக்கக்கூடிய நோயாகும். 32 நாடுகளில் நடத்தப்பட்டு 2016ஆம் ஆண்டில் வெளியான இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு, இந்நோயின் அபாயத்தில் சுமார் 90 சதவீதம் நாம் மாற்றியமைக்கக்கூடிய 10 காரணிகளுடன் தொடர்புடையது எனக் காட்டியது. அவற்றுள் முதன்மையானது உயர் குருதியமுக்கம். எனவே, குருதியமுக்கத்தைத் தணிக்கும் உணவே நமக்குக் காவலாகும்.

அத்தகைய உணவு யாழ்ப்பாணத்து வளவுகளிலேயே விளைகின்றது. முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, வாழைப்பழம், பயறு ஆகியவற்றில் பொற்றாசியம் உண்டு. அது உடலில் மிஞ்சிய உப்பைச் சிறுநீருடன் வெளியேற்ற உதவுகின்றது. குரக்கனின் நார்ச்சத்தும், கொழுப்பு இறைச்சிக்குப் பதிலாக உண்ணும் சூடை, சாளை போன்ற மீன்களும் குருதிக்குழாய்களுக்கு நன்மை பயப்பன.

உள்ளியும் கருஞ்சீரகமும் குருதியமுக்கத்தைச் சிறிதளவு குறைப்பதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் இவை உணவின் துணைகளேயன்றி, மருந்தின் இடத்தைப் பெறுவன அல்ல. வல்லாரை நல்ல கீரையே. எனினும் அது தனித்து நின்று பாரிசவாதத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை.

சேர்ப்பதைவிடக் குறைப்பதே முக்கியமானது. ஆனையிறவில் உப்பு விளையும் பிரதேசம் நமது. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், சூப் கட்டி, மிக்சர் என எல்லா வழியாலும் உப்பு நம் உடலிற் சேர்கின்றது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே உப்புத் தேவை என்கின்றது உலக சுகாதார ஸ்தாபனம். சீனாவின் 600 கிராமங்களில் நடைபெற்று 2021இல் வெளியான ஆய்வில், சாதாரண உப்பின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொற்றாசிய உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பாரிசவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரக நோயாளர்கள் வைத்தியரைக் கேளாமல் அவ்வுப்பைப் பயன்படுத்தலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. மூலிகையை நம்பிக் குருதியமுக்கக் குளிசையை நிறுத்திவிடுவது பேராபத்தாகும். மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகளார் பணித்திருக்க, மருந்தைக் கைவிடுவது எவ்வாறு நம்பிக்கையாகும்? நோன்பு காலத்திலும் குளிசையை நிறுத்தாது, ஸஹருக்கும் இப்தாருக்கும் ஏற்ப வேளையை மாற்றித் தருமாறு வைத்தியரிடம் கேளுங்கள். நோன்புக் கஞ்சியில் உப்பையும், இப்தாரில் பொரித்த பண்டங்களையும் குறையுங்கள். வார்பரின் குளிசை உட்கொள்பவர்கள் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. உள்ளி வில்லைகளையும் வைத்தியரைக் கேட்ட பின்னரே உட்கொள்ள வேண்டும்.

இளைஞர்களே! உங்கள் பெற்றோரின் குருதியமுக்கத்தை அளவிடச் செய்யுங்கள். உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் காட்டாது. நீங்களும் புகைத்தலைத் தவிர்ந்துகொள்ளுங்கள். ஒருவரின் முகம் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை சோர்ந்து விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, எண்ணெய் தேய்த்தும் கசாயம் பருக்கியும் காலங்கடத்தாதீர்கள். 2018இல் வட மாகாணத்துக்கும் விரிவுபடுத்தப்பட்ட இலவச அம்புலன்ஸ் சேவையை 1990 என்ற இலக்கத்தில் உடனே அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டியிருப்பதால் ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியானது.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இன்றைய கறியில் உப்பைச் சற்றே குறைத்து, ஒரு கீரையைச் சேர்த்து, அதனைப் பேணத் தொடங்குவோமாக!