வினாடிக்கு 470

2024 மே 6, திங்கட்கிழமை, காலை 9.30 மணி. பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான நேரம். எழுதியவர்கள் 7,60,606 பேர். தேறியவர்கள் 7,19,196 பேர், அதாவது 94.56 சதவீதம். காஞ்சிபுரத்தை அடுத்த கூரமானாலும் சென்னை அடையாறானாலும் அன்று பிள்ளைகள் செய்யும் வேலை ஒன்றுதான். பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் போனில் தட்டிவிட்டுக் காத்திருப்பார்கள்.

தட்டியதை முதலில் வாங்குவது வெப் சர்வர். படம், எழுத்துரு போன்ற மாறாத சரக்கை அதுவே கொடுத்துவிடும். மதிப்பெண் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அந்தக் கோரிக்கையை மட்டும் பின்னால் இருக்கும் அப்ளிகேஷன் சர்வருக்குத் தள்ளும். அது டேட்டாபேஸைக் கேட்டு, பக்கத்தைத் தயாரித்து, வந்த வழியிலேயே திருப்பி அனுப்பும். இயந்திரம் வாங்கும்போது பிராசசர் எத்தனை, மெமரி எவ்வளவு என்று பார்க்கிறோம். இந்த இரண்டு சர்வர்களுக்கும் நடுவே ஓடும் இணைப்புக்கு மட்டும் யாரும் கணக்குப் போடுவதில்லை. சைட் தொங்குவது பல நேரம் அங்கேதான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தேர்வு எழுதியவர்களில் பத்தில் ஒரு பங்கினர் முதல் நிமிடத்திலேயே வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இது என் ஊகம்தான், அதிகமான ஊகம் அல்ல. 76,060 பேரை 60 வினாடிக்கு வகுத்தால் வினாடிக்கு 1,268 கோரிக்கை. முன்னால் வெப் சர்வராக ஒரு எஞ்சின்எக்ஸ், பின்னால் தனி இயந்திரத்தில் அப்ளிகேஷன் சர்வராக ஒரு டாம்கேட். பரவலாகப் புழங்கும் ஜோடி என்பதால் இதை எடுத்துக்கொள்கிறேன்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இணைப்பு திறந்தால், வெப் சர்வர் தன் பக்கத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு போர்ட் எண்ணை எடுத்தாக வேண்டும். லினக்ஸில் இதற்கென்று ஒதுக்கியிருப்பது வழக்கமாக 32768 முதல் 60999 வரை, மொத்தம் 28,232 எண்கள். வேலை முடிந்து இணைப்பை மூடினாலும் எண் உடனே கைக்குத் திரும்பாது. முதலில் மூடிய தரப்பு, வழியில் தங்கிவிட்ட பொட்டலம் ஏதும் பின்னால் வந்து குழப்பக் கூடாது என்று அந்த எண்ணை 60 வினாடி பிடித்துவைக்கும். வெப் சர்வரே மூடுகிறது என்றால் 28,232-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும். வினாடிக்கு 470. ஒரு வெப் சர்வருக்கும் ஒரு அப்ளிகேஷன் சர்வருக்கும் நடுவே தொடர்ந்து தாங்கும் புது இணைப்புகள் இவ்வளவுதான்.

நமக்கு வேண்டியது 1,268. அந்த வேகத்தில் 28,232 எண்களும் 22 வினாடியில் தீர்ந்துவிடும். 9.30 மணி 22 வினாடிக்குப் பிறகு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பிழைச் செய்திதான். அப்போது எந்த இயந்திரத்தைத் திறந்து பார்த்தாலும் பிராசசர் சும்மா இருக்கும், மெமரியும் காலியாக இருக்கும். பார்க்கிறவர்கள் குழம்பிப்போய் இன்னும் பெரிய இயந்திரம் கேட்பார்கள். பாலாற்றில் எவ்வளவு வெள்ளம் போனாலும் வாய்க்காலின் அகலம்தானே ஏரியை நிரப்ப வேண்டும்?

இதற்கு மருந்து கீப்அலைவ். ஒருமுறை திறந்த இணைப்பை மூடாமல் வைத்திருந்து அடுத்த கோரிக்கைக்கும் அதையே பயன்படுத்துவது. எத்தனை இணைப்பு வேண்டும் என்பதற்கு ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய எளிய வாய்ப்பாடு இருக்கிறது: வினாடிக்கு வருவதை, ஒன்றுக்கு ஆகும் நேரத்தால் பெருக்க வேண்டும். ஒரு பக்கம் தயாராக 50 மில்லிவினாடி என்றால், 1,268 பெருக்கல் 0.05. விடை 63.4. ஆக 28,232 எண்களை வைத்துக்கொண்டு முடியாத வேலையை 64 இணைப்புகள் முடித்துவிடும். எஞ்சின்எக்ஸ் கான்ஃபிக் கோப்பில் மூன்று வரி: கீப்அலைவ் எண், எச்டிடிபி 1.1, கனெக்‌ஷன் ஹெடரைக் காலியாக விடுவது. செலவு சுழியம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கீப்அலைவ் எண், எஞ்சின்எக்ஸ் ஓட்டும் ஒவ்வொரு ஒர்க்கர் பிராசஸுக்கும் தனித்தனி. 64 என்று எழுதி 4 ஒர்க்கர் ஓடினால், ஓய்வில் இருந்தபடி டாம்கேட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் இணைப்புகள் 256 வரை போகும்.

ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் த்ரெட், டாம்கேட்டில் கேட்காமலே கிடைப்பது 200. பக்கத்துக்கு 50 மில்லிவினாடி என்றால் வினாடிக்கு 4,000 பக்கம் தரும். தாராளம். அதே பக்கத்துக்கு 2 வினாடி ஆனால் வினாடிக்கு 100தான், மீதி 1,168 வரிசையில் நிற்கும். பக்கம் ஏன் மெதுவாகிறது? த்ரெட் 200 இருந்தும் டேட்டாபேஸுக்குப் போகும் இணைப்பு, அவற்றைத் திறந்துவைத்துப் பங்கிடும் ஹிகாரிசிபி வைத்திருந்தால், மாற்றாதவரை 10 மட்டும். ஒரு கேள்விக்கு 5 மில்லிவினாடி என்றால் அந்தப் பத்தும் வினாடிக்கு 2,000 கேள்வியைத் தீர்க்கும். இண்டெக்ஸ் போட மறந்து 20 மில்லிவினாடி ஆகிவிட்டால் 500தான். த்ரெட்டை 2,000 ஆக்கினாலும் இந்த 500 ஒன்றுகூட ஏறாது. கூடுதல் த்ரெட்களின் ஸ்டாக்குக்கு, ஒன்றுக்கு 1 எம்பி வீதம், மெமரி முகவரி ஒதுக்குவதுதான் மிச்சம்.

காத்திருப்புக்கும் கணக்கு உண்டு. எஞ்சின்எக்ஸ் 60 வினாடி வரை பதிலுக்குப் பொறுக்கும், ஹிகாரிசிபி 30 வினாடி பொறுக்கும். மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கும் பிள்ளை 5 வினாடிகூடப் பொறுக்காது, ரிஃப்ரெஷ் அழுத்தும். பழைய கோரிக்கை பின்னால் ஓடிக்கொண்டிருக்க, புதியது ஒன்று வந்து சேரும். ஆளுக்கு ஒருமுறை அழுத்தினாலே 1,268 என்பது 2,536.

இனி ரூபாய்க் கணக்கு. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோக மதிப்பீடு சுமார் 1,815 கோடி ரூபாய். ஓர் ஊராட்சிக்குச் சராசரி 14.5 லட்சம். இவ்வளவு செலவழித்து ஊருக்கு வந்து சேரும் கேபிளின் மறுமுனையில் மூன்று வரி கான்ஃபிக் விடுபட்டிருந்தால், ஊரில் தெரிவது சுற்றிக்கொண்டிருக்கும் வட்டம் மட்டுமே. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு 60 ரூபாய். சர்வர் கிடைக்கவில்லை, நாளைக்கு வாங்க என்றால் வந்தவருக்கு நட்டம் 60 ரூபாய் அல்ல. 2024-25இல் தமிழ்நாட்டுக்கு நூறு நாள் வேலையின் தினக்கூலி 319 ரூபாய். அந்த ஒரு நாள் போய்விடுகிறது. இந்த 319 எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் ஏறுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பராமரிப்புக்கு முன்கூட்டியே பங்கு ஒதுக்குவதற்குக் கூரத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த கூரம் செப்பேடு, பரமேசுவரமங்கலம் என்ற ஊரை 25 பங்காகப் பிரிக்கிறது. கோயில் பூசைக்கும் பழுதுபார்ப்புக்கும் 3, மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் தர 1, அங்கே பாரதம் வாசிக்க 1, நான்மறை கற்ற இருபது பேருக்கு 20. பழுதுபார்ப்பவருக்கும் நீர் எடுத்துவருபவருக்கும் எழுதும்போதே பங்கு விட்டிருக்கிறார்கள். சர்வர் டெண்டரிலும், சோதனைச் சுமை கொடுத்து இணைப்பை அளந்து சரிசெய்வதற்கென்று ஒரு தலைப்பும் தொகையும் இருக்க வேண்டும்.

பாதுகாப்பும் அந்தத் தலைப்பில்தான் வரும். அப்பாச்சி வெப் சர்வரையும் டாம்கேட்டையும் பல ஆண்டுகள் இணைத்துவந்தது 8009 போர்ட்டில் ஓடும் ஏஜேபி என்ற நெறிமுறை. 2020 பிப்ரவரியில் அதில் கோஸ்ட்கேட் என்ற ஓட்டை வெளிப்பட்டது. அபாய மதிப்பு 10-க்கு 9.8. டாம்கேட் 9.0.31இல் அடைத்தார்கள். வெளியாருக்குத் திறந்திருக்கக் கூடாத போர்ட் திறந்து கிடந்த இடங்களில்தான் ஆபத்து.

ஆனால் தேர்வு முடிவுக்கு மேற்சொன்ன இணைப்பே வேண்டுமா என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி. 9.30-க்குப் பிறகு அந்த மதிப்பெண்கள் வினாடிக்கு வினாடி மாறப்போவதில்லை. ஒரு பக்கம் 2 கேபி என்றால் 7,60,606 பக்கமும் சேர்ந்து சுமார் 1.5 ஜிபி. தனித்தனிக் கோப்பாகப் போட்டால் டிஸ்க்கில் ஒவ்வொன்றும் 4 கேபி இடம் பிடிக்கும், அப்போதும் 3 ஜிபிதான். நடுத்தர சர்வர் ஒன்றின் மெமரியிலேயே அடங்கும். பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் கலந்து, எளிதில் ஊகிக்க முடியாத கோப்புப் பெயராக்கி முந்தின இரவே தயாரித்து வைத்துவிட்டால், காலையில் ஒரு ஃபோல்டரைத் திறந்துவிடுவதோடு வேலை முடிந்தது. 1,268 கோரிக்கையையும் வெப் சர்வரே பார்த்துக்கொள்ளும். அப்ளிகேஷன் சர்வரை மறுகூட்டலுக்கும் விடைத்தாள் நகலுக்கும் விட்டுவிடலாம். அங்கே பணம் கட்ட வேண்டும், ரசீது வாங்க வேண்டும், விண்ணப்பத்தின் நிலையும் நாளுக்கு நாள் மாறும். கூட்டமும் குறைவு, 64 இணைப்பே மிகுதி.