முதுகுப் பக்கம் வந்த காற்று

குழந்தைகளே, கயாக் என்ற படகைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு முனையும் கூராக இருக்கும். காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, இரு நுனியும் அகலமான ஒரே துடுப்பை இடம், வலம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். பனிக்கடல் ஓரம் வாழும் இனூயிட் மக்கள் சீல் வேட்டைக்காக உருவாக்கிய படகு இது. மரம், எலும்பு ஆகியவற்றால் சட்டம் கட்டி, அதன்மேல் சீல் தோலை இழுத்துத் தைப்பார்கள்.

2023 செப்டம்பரில் நான் அதில் ஏறியது மண்டபத்தில்! என்னோடு ஆசிரியர் பயிற்சி படித்த நண்பரின் ஊர் அது. மீனவக் குடும்பம். அவர் தம்பி மகனிடம் இருவர் போகும் பிளாஸ்டிக் கயாக் ஒன்று இருந்தது. பார்த்தால், தரையில் ஓட்டைகள்!

"என்ன மாப்ளே, படகுல ஓட்டை இருக்கு?"

"கட்டுமரத்துல இடுக்கு இல்லையா வாத்தியாரே? மேல ஏறுற தண்ணி கீழயே போயிடும். உள்ளே காத்துதான் அடைச்சிருக்கு, முழுகாது" என்றார் நண்பர்.

மண்டபத்துக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. தெற்குக் கடலை ஆண் கடல் என்றும், வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும் அங்கே சொல்வார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது தெற்கில் அலை புரளும். வடக்கே குளம்போல் கிடக்கும். நாங்கள் வடக்கே இறங்கினோம். இருவருக்கும் லைஃப் ஜாக்கெட், ஆளுக்கொரு விசில். "ஒன்பதரைக்குள்ள வரலைன்னா தம்பிகிட்டச் சொல்லு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் நண்பர் கிளம்பினார். இரண்டு கிழவர்களுக்கு இவ்வளவு ஏற்பாடா என்று நினைத்துக்கொண்டேன்.

காலை ஏழு மணி. தெளிந்த தண்ணீர். அடியில் கடல் புல் பச்சையாக ஆடியது. ஆவுளியா என்கிற கடற்பசு மேய்வது இதைத்தான். (அதைக் காப்பாற்றவே 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு காப்பகமாக அறிவித்தது.) ஓர் ஆவுளியாவையாவது பார்த்துவிட எனக்கு ஆசை. துடுப்பைப் போட்டால் படகு பறந்தது. அறுபது வயதுக்கு மேலும் நமக்கு இவ்வளவு பலமா!

"வாத்தியாரே, திரும்பிப் பாருங்க" என்றார் பின்னால் இருந்த நண்பர்.

கரை மெல்லிய கோடாகத் தெரிந்தது. மேற்கே கருமேகம்.

"இன்னும் கொஞ்ச தூரம் மாப்ளே..."

"வேணாம். இது கச்சான் காத்து. உங்க பலமில்ல, காத்து தள்ளுது."

பருவக்காற்றுகளை முப்பது வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்தியவன் நான். அந்த அம்பு என் முதுகில் வந்து பட்டபோது தெரியவில்லை! கரையோரம் வீடும் பனையும் காற்றை மறைப்பதால் தண்ணீர் அசையாது. தூரம் போகப் போக மறைப்பு கிடையாது; அலையும் வளரும்.

திரும்பினோம். காற்று முகத்தில் அறைந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. நான் துடுப்பை நிறுத்தினால் படகு பின்னே போனது. உண்மையாகவே பயந்துவிட்டேன்.

"அந்த ஒத்தைப் பனையையும், அதுக்குப் பின்னால இருக்கிற தண்ணித் தொட்டியையும் பாருங்க. தொட்டி பனைக்கு இடப்பக்கம் விலகுனா, நாம கிழக்கே ஒதுங்குறோம்னு அர்த்தம்."

பார்த்தேன். விலகிக்கொண்டே போனது. பிறகு மழையில் பனையும் இல்லை, தொட்டியும் இல்லை. காற்று எந்தக் கன்னத்தில் படுகிறதோ அதை வைத்தே திசை பிடித்தார் நண்பர். "ஒண்ணு... ரெண்டு..." என்று அவர் எண்ண, நான் துடுப்பைப் போட்டேன். போகும்போது அரைமணி, வரும்போது இரண்டு மணிக்கு மேல்!

கரை தட்டியபோது வெயில் பளிச்சென்று அடித்தது. புறப்பட்ட இடத்துக்குக் கிழக்கே ஒரு கிலோமீட்டர் தள்ளி வந்திருந்தோம். கயாக்கை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு நடந்தோம். அங்கே நண்பரின் தம்பி எங்களைத் தேடி வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தார். மணி ஒன்பதே முக்கால்.

ஆவுளியாவைப் பார்க்கவில்லை. மதியம் மீன்குழம்பு பரிமாறினார்கள். சோற்றைப் பிசையக் கை மடங்காமல், வெட்கத்தோடு ஒரு ஸ்பூன் கேட்டேன்.