தண்ணீரில் படாமல் பறக்கும் சர்ஃப் போர்டு: மோட்டார் எதற்கு? திருநின்றவூர் ஏரியில் ஓட்ட முடியுமா?

அலைக்கு ஒன்றரை அடி மேலே ஒரு பலகை பறக்கிறது. மேலே ஒருவர் கூலாக நிற்கிறார். பாய்மரம் இல்லை, இழுத்துச் செல்லப் படகும் இல்லை. ரீல்ஸில் இதைப் பார்த்த பலரும் 'கிராஃபிக்ஸ்' என்று ஸ்க்ரோல் செய்திருப்பார்கள். ஆனால் இது நிஜம். பெயர் ஃபாயில் போர்டு. இப்போது இதில் சின்ன மின் மோட்டாரும் சேர்ந்துவிட்டது.

சென்னை – அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கும் திருநின்றவூருக்குக் கடல் பக்கத்தில் இல்லை, ஏரிதான் இருக்கிறது. 'அப்போ நம்ம ஏரியில ஓட்டலாமா?' என்ற கேள்வி வருவது இயல்புதான். பதில் தெரிய, முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

பலகை எப்படிப் பறக்கிறது?

சாதாரண சர்ஃப் போர்டு தண்ணீர்மேல் சறுக்கும். ஃபாயில் போர்டின் அடியில் ஒரு கம்பம் இறங்கும். அதன் நுனியில் விமான இறக்கை மாதிரி ஒன்று இருக்கும். வேகம் கூடும்போது அந்த இறக்கை தண்ணீருக்குள் மேல்நோக்கித் தள்ளும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. அதனால் சின்ன இறக்கையே ஒரு ஆளைத் தூக்கிவிடும்.

இது புது ஐடியாவும் இல்லை. இத்தாலியின் என்ரிகோ ஃபோர்லானினி 1906-லேயே மஜ்ஜோரே ஏரியில் இப்படிப்பட்ட படகை ஓட்டினார். தொலைபேசியால் பெயர்பெற்ற கிரஹாம் பெல்லின் குழு 1919-ல் கனடாவில் ஒரு ஏரியில் மணிக்கு சுமார் 114 கி.மீ. வேகத்தைத் தொட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஃபாயில் பொருத்திய விண்ட்சர்ஃபிங், கைட் போட்டிகள் அறிமுகமாயின.

அப்புறம் மோட்டார் எதற்கு?

கஷ்டமே கிளம்புவதில்தான். வேகம் பாதியாகக் குறைந்தால் தூக்கும் விசை பாதியாகாது; நாலில் ஒரு பங்காகிவிடும். பலகை தண்ணீரில் கிடக்கும்போது உராய்வும் அதிகம். மேலே எழுந்துவிட்டால் உராய்வு சட்டென்று குறையும். அதன்பிறகு சின்ன அலையின் தள்ளலே போதும்.

அதாவது, முழு சக்தி தேவைப்படுவது முதல் சில விநாடிகளுக்கு மட்டும்தான். அந்த நேரத்துக்குக் கைகொடுப்பதுதான் 'எலெக்ட்ரிக் அசிஸ்ட்'.

பெடல் அசிஸ்ட் சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டில் ஏறும்போது மோட்டார் உதவும். சமதளத்தில் நீங்களே மிதிப்பீர்கள். இங்கே அந்த மேடுதான் கிளம்பும் நேரம். டி.ஐ. சைக்கிள்ஸ் வளர்ந்த அம்பத்தூர் பக்கத்துக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இ-ஃபாயிலும் இதுவும் ஒன்றா?

இல்லை. இ-ஃபாயிலில் கடைசி வரை மோட்டார்தான் ஓட்டும். அலையே தேவையில்லை. பேட்டரி பெரிது, கனம் அதிகம். முன்னணி நிறுவனங்களின் போர்டுகள் வெளிநாட்டில் சுமார் 10,000 டாலருக்கு விற்கின்றன. நம்மூர் கணக்கில் 8 லட்சம் ரூபாய்க்கு மேல்.

அசிஸ்ட் என்பது ஏற்கெனவே இருக்கும் ஃபாயில் போர்டில் மாட்டும் கிட். ஆஸ்திரேலியாவின் ஃபாயில் டிரைவ் நிறுவனத்தின் அமைப்பில் மோட்டார் கம்பத்தின் மேல்பகுதியில், பலகைக்குப் பக்கத்தில் இருக்கும். பலகை எழுந்ததும் மோட்டாரும் தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிடும், இழுவை இருக்காது. கையிலுள்ள ரிமோட்டை விட்டால் மோட்டார் நின்றுவிடும். அப்புறம் ஓட்டுவது அலைதான்.

நம்ம ஏரியில் முடியுமா?

அலை இல்லாத இடத்தில் அசிஸ்ட் கிட்டுக்குப் பெரிய வேலை இல்லை. மோட்டாரை நிறுத்தினால் பலகை கொஞ்ச நேரத்தில் கீழே இறங்கிவிடும். இ-ஃபாயில் என்றால் ஓடும். ஆனால் அங்கேதான் ஆபத்தும்.

▪ கம்பமே சுமார் 2 முதல் 3 அடி நீளம். மார்பளவு ஆழமாவது சீராக வேண்டும். மேடுபள்ளமான ஏரியில் இறக்கை தரையில் இடித்தால் ஆள் முன்னால் தூக்கி வீசப்படுவார்.

▪ ஆகாயத்தாமரையும் பாசியும் புரொபெல்லரில் சுற்றிக்கொள்ளும்.

▪ பக்கத்தில் குளிப்பவர்கள், மீன் பிடிப்பவர்கள் இருந்தால் சுழலும் புரொபெல்லரும் கூர்மையான இறக்கையும் கத்திக்குச் சமம்.

'சைக்கிள் மோட்டாரை மாட்டி நாமே செய்யலாமே?'

வேண்டாம். இந்தியாவில் பதிவு தேவைப்படாத மின் சைக்கிளின் மோட்டார் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு ஆளைத் தண்ணீரிலிருந்து எழுப்பக் கிலோவாட் கணக்கில் சக்தி வேண்டும். அதைத் தாங்கும் லித்தியம் பேட்டரிக்குள் தண்ணீர் புகுந்தால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். உப்புத் தண்ணீர் என்றால் ஆபத்து இன்னும் அதிகம்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரலாமா?

விமானத்தில் 100 வாட்-அவர் வரையிலான பேட்டரிக்குத் தடையில்லை. 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் பயணி கொண்டுவர முடியாது. 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் சுமார் 74 வாட்-அவர். இ-ஃபாயிலின் பெரிய பேட்டரியோ சுமார் 2,000. அதாவது வீட்டு மீட்டரில் 2 யூனிட்!

ஆசை இருந்தால் எங்கே தொடங்குவது?

அலை இருக்கும் இடம் கிழக்குக் கடற்கரைச் சாலைதான். கோவளத்தில் சர்ஃபிங் கற்றுத்தரும் பள்ளிகள் இருக்கின்றன. மாமல்லபுரத்தில் 2023 ஆகஸ்டில் சர்வதேச சர்ஃபிங் போட்டி நடந்தது. 2025-ல் அங்கேயே நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார்.

முதலில் நீச்சல், அடுத்து சாதாரண சர்ஃப் போர்டு, அதற்கப்புறம் ஃபாயில். ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் கட்டாயம். மோட்டார் உங்களைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். விழுந்த பிறகு கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது உங்கள் நீச்சல்தான்.