மண்ணுக்குள் உலோகம்: எவ்வளவு ஆழம் வரை தெரியும்?

தியாகராய நகரின் பெரிய கடைகளிலும் சென்னை மெட்ரோ ரயில் நிலையங்களிலும் வாசலில் ஒரு சட்டம் நிறுத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாவிக்கொத்துடன் அதன் வழியே நுழைந்தால் ஒலி எழும். மெட்டல் டிடெக்டர் என்று எல்லோரும் அழைக்கும் உலோகங்காணும் கருவி அது. அங்கே சாவிக்கும் கருவிக்கும் இடையில் இருப்பது வெறும் காற்று. அதே சாவி பெசன்ட் நகர்க் கடற்கரை மணலில் புதைந்திருந்தால்? களிமண்ணில் கிடந்தால்? எவ்வளவு ஆழம் வரை கருவி அதைக் காணும்? இக்கேள்விக்கு ஒரே விடை கிடையாது. ஏன் என்று காண்போம்.

கருவி வேலை செய்யும் விதம்

தரையில் தேடும் கருவியின் நுனியில் தட்டுப் போன்ற வட்டு ஒன்று உண்டு. அதனுள் கம்பிச்சுருள்கள் இருக்கின்றன. ஒரு சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாய்கிறது. பல கருவிகளில் அதன் அதிர்வெண் 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரை இருக்கும். இதனால், மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. வழியில் ஒரு நாணயம் கிடந்தால், ஃபாரடே 1831-ல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலின்படி அதில் சுழல் மின்னோட்டம் எழும். அம்மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்கும். அதை இன்னொரு சுருள் உணர்ந்து ஒலியாக மாற்றுகிறது.

வட்டிலிருந்து விலக விலகக் காந்தப்புலம் விரைவாகக் குறையும். வட்டின் அகலத்தைவிட மிகுந்த தொலைவில், அது தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது. நாணயம் அனுப்பும் புலமும் மேலே வரும்போது அவ்வாறே குறைகிறது. ஆக மொத்தம் ஆறாம் படி! 2-ன் ஆறாம் படி 64 அன்றோ? ஆழம் இரு மடங்கானால் சைகை 64-ல் ஒரு பங்கை நெருங்குகிறது. சிறு நாணயத்தைச் சில பத்து சென்டிமீட்டர்களுக்குக் கீழே காண முடியாததன் முதற்காரணம் இதுவே.

மண் மறைக்கிறதா?

ஈரமண் காந்தப்புலத்தை விழுங்கிவிடுகிறது என்று பலர் எண்ணுவர். கணக்கிட்டுப் பார்ப்போம். 10 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், கடல்நீரில் சுமார் 2.4 மீட்டர் சென்ற பிறகுதான் புலம் தணிந்து மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வருகிறது. ஈரக் களிமண்ணில் அந்தத் தொலைவு இன்னும் அதிகம். அப்படியிருக்க, 20 சென்டிமீட்டரில் கிடக்கும் நாணயத்தை மண் மறைத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

உண்மை வேறு. மண்ணும் சைகை அனுப்புகிறது. சந்தை இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரின் மெல்லிய குரல் காதில் விழாதது போல, மண்ணின் சைகையில் நாணயத்தின் சைகை அமுங்கிப்போகிறது.

சென்னையின் சில மண்கள்

கடற்கரையின் உலர்ந்த வெண்மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். அது மின்சாரத்தைக் கடத்தாது, காந்தத்தாலும் ஈர்க்கப்படாது. ஆகவே கருவிக்கு அது ஏறத்தாழக் காற்றைப் போன்றது.

அதே மணலில் கறுப்புக் கோடுகள் தெரிகின்றனவே, அவற்றில் மேக்னடைட் போன்ற இரும்புக் கனிமங்கள் உள்ளன. இவை காந்தப்புலத்துக்கு உடனே இசைந்து பதில் தருகின்றன. நாணயத்தின் பதிலோ சற்றுப் பின்தங்கி வரும். இந்தத் தாள வேறுபாட்டைக் கொண்டு கருவி மண்ணின் பங்கைக் கழித்துவிடலாம். இதற்கு ‘மண் சமன்’ செய்தல் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

அலை நனைக்கும் மணலில் தொல்லை வேறு வகை. செம்பு, கடல்நீரைவிட ஒரு கோடி மடங்குக்கு மேல் மின்சாரத்தை நன்கு கடத்தும். ஆனால் வட்டின் கீழ் இருக்கும் உப்புநீரின் அளவோ நாணயத்தைப்போல் பல்லாயிரம் மடங்கு. அந்நீரிலும் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அதன் சைகை மெல்லிய உலோகத் தகட்டின் சைகையைப் போலவே இருக்கும். கறுப்பு மணலும் உப்புநீரும் சேர்ந்துவிட்டால், ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் கருவியால் இரண்டையும் ஒருங்கே கழிக்க இயலாது. அதனால்தான் கடற்கரைக்கென உள்ள கருவிகளில் பல அதிர்வெண்களைப் பயன்படுத்துகிறார்கள்.

தியாகராய நகர், 1920-களில் மயிலாப்பூர் ஏரியைத் தூர்த்து உருவாக்கிய பகுதி. ஏரிக் களிமண்ணைவிட, கட்டட இடிபாடுகளோடு கலந்த செங்கல் துண்டுகளே கருவிக்கு அதிகத் தொல்லை. சுட்ட களிமண்ணில் மிக நுண்ணிய காந்தத் துகள்கள் உண்டாகின்றன. சில செம்மண், சரளைமண் வகைகளிலும் இத்தகைய துகள்கள் உண்டு. இவை நாணயத்தைப் போலவே தாமதித்துப் பதில் தருவதால், மண் சமன் செய்வது கடினமாகிறது.

அருகருகே இரு பொருள்கள்

ஒரு நாணயமும் ஓர் ஆணியும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் கருவி இரண்டாகப் பிரித்துச் சொல்லுமா? அது வட்டின் அளவைப் பொறுத்தது. பெரிய வட்டின் புலம் ஆழமாக இறங்கும். ஆனால் ஒரே நேரத்தில் பல பொருள்களைத் தொடுவதால் சைகைகள் கலந்துவிடும். சிறிய வட்டு நன்றாகப் பிரிக்கும், ஆழம் குறையும். எனினும் சிறிய வட்டின் கீழ் வரும் மண்ணும் குறைவு. ஆகவே இரைச்சல் மிகுந்த மண்ணில் சிறிய வட்டே மேல் என்று ஆவதும் உண்டு.

1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் பாய்ந்த குண்டைத் தேட, தொலைபேசியால் புகழ்பெற்ற கிரகாம் பெல் இத்தகைய கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். குண்டு அகப்படவில்லை. மெத்தைக்கு அடியில் இருந்த எஃகுக் கம்பிகள் கருவியைக் குழப்பியதும் ஒரு காரணம்.

உயிர் காக்கும் அளவை

இது பொழுதுபோக்குக்கான ஆராய்ச்சி மட்டும் அன்று. 2009-ல் போர் முடிந்த இலங்கையின் வடபகுதியில், முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் பணியாளர்கள் மண்ணை அங்குலம் அங்குலமாகத் தேடினார்கள். அவர்களில் பலர் பெண்கள். பிளாஸ்டிக் உறை கொண்ட கண்ணிவெடியில் உலோகம் மிகச் சிறிதளவே இருக்கும். சுற்றிலும் தோட்டாக் கூடுகளும் இரும்புச் சில்லுகளும் கிடக்கும். ஆழம், பிரித்தறிதல் ஆகிய இரு சோதனைகளும் அங்கே ஒன்றாக வருகின்றன.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வலிகாமத்தில் செம்மண், பச்சிலைப்பள்ளியில் மணல். ஓரிடத்தில் சரியாகக் காட்டிய கருவி மற்றோரிடத்திலும் அதே ஆழத்தைக் காணும் என்று நம்பிவிட முடியாது. ஆகவே, வேலை நடக்கும் மண்ணிலேயே சோதனைப் பொருளைத் தேவையான ஆழத்தில் புதைத்துக் கருவியைச் சரிபார்க்கிறார்கள். 2003-ல் ஐரோப்பாவில் வெளியிட்ட சோதனை முறைகளிலும் காற்றில் அளப்பது வேறு, மண்ணில் அளப்பது வேறு என்றே வகுத்திருக்கிறார்கள். உலோகச் சில்லுகள் மிகுந்து கருவி பயன்படாத இடங்களில், நீண்ட பிடியுள்ள வாரியால் மண்ணை அடுக்கடுக்காகச் சீவி எடுப்பதும் உண்டு.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு காந்தத்தைப் பாலித்தீன் உறையில் இடுங்கள். உலர்ந்த கடற்கரை மணல், தோட்டத்து மண், செங்கல் தூள் ஆகியவற்றில் ஒவ்வொரு கரண்டி எடுத்து, தனித்தனித் தாளில் பரப்பிக் காந்தத்தை மேலே நகர்த்துங்கள். ஒட்டிய துகள்களை ஒப்பிடுங்கள். எந்த மண்ணில் அதிகமாக ஒட்டுகிறதோ, அதில் கருவிக்கு இரைச்சல் மிகும் என்று எதிர்பார்க்கலாம். செங்கல் தூள் காந்தத்தில் அதிகம் ஒட்டாமல் போகலாம். அதன் தாமதப் பதிலைக் காந்தம் காட்டாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இனி யாராவது, “இந்தக் கருவி எத்தனை அடி ஆழம் காணும்?” என்று கேட்டால், “எந்த மண்ணில்?” என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம்.